சாய்ப்பில் கிடக்கும் அலமாரி யாருடையது?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் உறவுக்காரர் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில், அதாவது சுவரை ஒட்டி இறக்கிய கொட்டகையில், ஒரு தேக்கு அலமாரி ஆறு வருடம் கிடந்தது. அதோடு கழற்றிக் கட்டிய கட்டில், உறை பிரிக்காத மெத்தை, வெண்கல உருளி இரண்டு, ஒரு நிலவிளக்கு, இரண்டு அண்டா. அந்த வீட்டு அண்ணனுக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்து, மறுகல்யாணமும் ஆகி, பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. சாமான் மட்டும் நகரவில்லை. "அவளுக்க சாமான் நமக்கெதுக்கு, வந்து எடுத்துட்டுப் போவட்டு" என்பார் பெரியம்மை. அந்தப் பக்கத்துப் பேச்சு வேறு: "அவிய கொண்டுவந்து தரட்டு, நாங்க எதுக்கு அந்த முற்றத்துல போய் நிக்கணும்?"

இரண்டு பக்கமும் நியாயம்தான். அதனால்தான் ஆறு வருடம்.

ஜீவனாம்சத்துக்கும் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கும் வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறுகிறவர்கள், வீட்டில் கிடக்கும் சாமானைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் தீர்ப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம்தான் கேள்வி எழுகிறது. இத்தனை நாள் வந்து எடுக்கவில்லையே, இனி நமக்குத்தானே? பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டால் என்ன? எத்தனை மாதம் காத்திருந்தால் போதும்?

பிரிந்துபோனவர் விட்டுச் சென்ற பொருளை இத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று நாள் கணக்கு சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. உங்கள் வீட்டில் கிடக்கிறது என்பதற்காக ஒரு பொருள் உங்களுடையது ஆகிவிடாது. தீர்ப்பு வந்த மறுநாளும் ஆகாது, ஆறாவது வருடமும் ஆகாது. இது நம் ஊரில் ஏன் இவ்வளவு சூடான விஷயமாக இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து பெண் வீட்டார் டெம்போ பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதை இங்கே அடுக்களை காணல் என்கிறோம். பேரில்தான் அடுக்களை, இறங்குவது முழு வீடு. கட்டில், அலமாரி, டிரெஸ்ஸிங் டேபிள், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், உருளி, அண்டா, பலகாரக் கூடைகள். பக்கத்து வீட்டு மாமிமார் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். எண்ணுகிற அத்தனை பேரில் ஒருவரும் எழுதிவைக்க மாட்டார். எழுதினால் 'கணக்குப் பார்க்கிற குடும்பம்' என்ற பேர் வந்துவிடும்.

இந்தச் சாமானுக்கும் நகைக்கும் நாம் சொல்லும் பேர் சீதனம். மற்ற மாவட்டங்களில் வரதட்சணை என்ற சொல்லுக்கு இருக்கும் கூச்சம் இங்கே சீதனத்துக்கு அவ்வளவாக இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று வைத்திருந்தது. அந்தத் தொகைக்குச் சட்டம் வைத்த பேரே ஸ்திரீதனம்தான். கல்யாணத்தின்போது கொடுத்தாயிற்று என்றால் மகளுக்குப் பங்கு முடிந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் மேரி ராய் வழக்கில் சொன்னது 1986-இல். சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 'உனக்குள்ளதை அன்றைக்கே நூறு பவுனாகக் கொடுத்துவிட்டோமே' என்று அக்காள் தங்கைகளிடம் சொல்லி விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் அண்ணன்மார் எல்லா மதத்திலும் இன்றும் உண்டு.

ஆகவே சாய்ப்பில் கிடக்கும் அந்த அலமாரியை வெறும் மரச்சாமான் என்று பார்த்தால் விஷயம் பிடிபடாது. தகப்பன் சொத்தில் அவளுக்கு என்று கிடைத்ததே அதுவும் அந்த நகையும்தான். பிறந்த வீட்டில் பங்கில்லை, கட்டிக்கொடுத்த வீட்டில் இடமில்லை, நடுவில் சாய்ப்பில் பங்கு நனைந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெண் பழைய உருளிக்காக அழுதால் 'இதுக்குப் போயா' என்று சிரிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

சட்டமும் கிட்டத்தட்ட இதே பார்வையைத்தான் எடுத்திருக்கிறது. ஒரு காலத்தில் சில உயர் நீதிமன்றங்கள், மணவீட்டுக்குள் வந்துவிட்ட பொருளை இருவரும் சேர்ந்து அனுபவிக்கிறார்கள், ஆகவே அதில் மோசடி என்று ஒன்று கிடையாது என்று பேசின. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கித் தள்ளியது. பெண்ணுக்கென்று கொடுத்தது பெண்ணுடையது. கணவனோ மாமனார் மாமியாரோ அதை வைத்திருந்தால் காவல்காரராகத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்டபோது கொடுக்க மறுத்தால் அது குற்றமுறு நம்பிக்கை மோசடி ஆகலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 406-வது பிரிவில் இதற்கு மூன்று வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-வது பிரிவு, ஐந்து வருடம் வரை.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கல்யாணத்தன்றும் பெற்றோர், சகோதரர், சிநேகிதர், கணவன், கணவன் வீட்டார் என்று யார் அவளுக்குக் கொடுத்ததும் இதில் வரும். மாமியார் ஆசையாகப் போட்டுவிட்ட வளையலும்தான். 'அது எங்க வீட்டு நகை, அதை மட்டும் கழற்றிக் கொடுத்துட்டுப் போ' என்று சொல்வது கேட்க இயல்பாக இருந்தாலும் சட்டத்தில் அதற்கு நிற்க இடம் குறைவு. கஷ்ட காலத்தில் கணவன் மனைவியின் நகையை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பழைய இந்து நெறியே இடம் கொடுக்கிறது; ஆனால் திரும்பக் கொடுக்கும் கடமை அவனை விடாது. அடகில் மூழ்கிவிட்டது என்பது கடன் தீர்ந்ததற்குச் சமம் ஆகாது.

ரொக்கமாக வாங்கிய வரதட்சணைக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் தப்பு, கொடுப்பதும் தப்பு. ஆனால் மீறி வாங்கிவிட்டால் அது யாருக்கு? சட்டத்தின் 6-வது பிரிவு, பெண்ணைத் தவிர வேறு யார் கையில் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதுவரை அவளுக்காக வைத்திருப்பதாகவே கணக்கு. நான் சொல்லக் கேட்டவர்களில் பாதிப்பேர் இதை நம்பவே இல்லை.

எங்கே போய்க் கேட்பது என்பதில் மதத்துக்கு மதம் கொஞ்சம் மாறும். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஆகவே 'இந்து திருமணச் சட்டம்' என்று ஆரம்பிக்கும் பொதுவான ஆலோசனை ஏறக்குறைய பாதி வீடுகளுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவில், கல்யாணத்தையொட்டி வந்த, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி விவாகரத்துத் தீர்ப்பிலேயே நீதிமன்றம் உத்தரவு போடலாம். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வழக்கு நடத்துகிறவர்கள், 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கணவன் மனைவிக்கு இடையேயான சொத்து வழக்குகளை எந்த மதத்தவர் ஆனாலும் குடும்ப நல நீதிமன்றமே விசாரிக்க அதில் இடமுண்டு. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டு உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது: கணவன் கல்யாணத்தில் மனைவிக்குத் தர ஒப்புக்கொண்ட மஹரும், கல்யாணத்துக்கு முன்னும் அப்போதும் பின்னும் சொந்தக்காரர், சிநேகிதர், கணவன், கணவன் வீட்டார் கொடுத்த பொருள் எல்லாமும் அவளுக்கு. மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவாக இன்னொரு வழி, 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். ஸ்திரீதனத்தைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட் அதில் உத்தரவிடலாம். விவாகரத்து ஆகாமல் கோர்ட் உத்தரவோடு பிரிந்து வாழும் மனைவியும் அந்தச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம், பொருளைக் கையில் வைத்திருக்கும் வரை தப்பு தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்று சும்மா இருக்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சாமான் ஏன் சாய்ப்பிலேயே கிடக்கிறது? சண்டை சட்டத்தைப் பற்றியது அல்ல, நிரூபணத்தைப் பற்றியது. அடுக்களை காணல் அன்று யாரும் எழுதாத அந்தப் பட்டியல் இங்கேதான் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. அவள் எண்பது பவுன் என்கிறாள், அவன் ஐம்பது என்கிறான். உருளி மூன்று என்று ஒரு பக்கம், இரண்டுதான் வந்தது என்று மறுபக்கம். ஃப்ரிட்ஜ் யார் கார்டில் வாங்கியது என்று மூன்றாவது கட்சி.

இத்தனைக்கும் பட்டியல் எழுத வேண்டும் என்று 1985-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்குப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு மாப்பிள்ளையும் தனித்தனியே பட்டியல் வைக்க வேண்டும்; பொருள் என்ன, தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மொய் எழுத நோட்டும் ஆளும் வைக்கத் தெரிந்த நமக்கு, 101 ரூபாய் வைத்தவர் பேரை முப்பது வருடம் பத்திரப்படுத்தத் தெரிந்த நமக்கு, இந்த ஒரு பட்டியல் மட்டும் கூச்சமாகிவிட்டது.

பட்டியல் இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் இல்லை. பக்கத்துக் கேரளத்து வழக்கு ஒன்று. 89 பவுனோடு வந்த பெண். முதல் இரவிலேயே பத்திரத்துக்கு என்று கணவன் நகையை வாங்கித் தன் தாயிடம் கொடுத்தான், அது அவர்கள் கடனுக்குப் போயிற்று என்பது அவள் வழக்கு. குடும்ப நீதிமன்றம் ஏற்றது, உயர் நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று தள்ளியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கணவன் 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. கொலை வழக்கைப்போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்பது அதன் சாரம். கல்யாண ஆல்பமும் வீடியோவும் இப்படித்தான் சாட்சி ஆகின்றன. நகைக்கடை பில் இருந்தால் இன்னும் பலம். இப்போது ஹால்மார்க் நகையில் வரும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இன்ன வளையல் இன்னதுதான் என்று சொல்லிவிடும்.

சரி, சாமானை வைத்திருக்கும் பக்கம் என்ன செய்யலாம்? விருப்பப்பட்டு வைத்திருக்காவிட்டாலும், அடுத்தவர் பொருள் கையில் இருக்கும்வரை சாதாரண மனிதன் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டால் நீங்கள் பயப்படத் தேவையில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்குச் சொல்லியிருக்கும் அளவுகோல் அதுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே அடிக்கும் மாவட்டம் நம்முடையது. ஓடு ஒழுகும் சாய்ப்பில், மண் தரையில் அலமாரியைச் சாய்த்து வைத்தால் ஒரு வருடத்தில் கரையான் ஏறும், மெத்தை பூஞ்சை பிடிக்கும். இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, மேலே தார்ப்பாய் போடுவதற்கு அதிகம் செலவில்லை. அப்படிச் செய்த பிறகும் 2021 நவம்பர் வெள்ளம்போல ஒன்று வந்து கொண்டுபோனால் அதற்கு நீங்கள் ஈடுகட்ட வேண்டியதில்லை. வேண்டுமென்றே மழையில் போட்டிருந்தால் கதை வேறு.

அதோடு எழுதுங்கள். கல்யாணத்தில் எழுதாத பட்டியலை இப்போதாவது எழுதுங்கள். பொருள், நிலை, எங்கே இருக்கிறது என்று; இரண்டு பொது மனிதர்கள் முன்னால், ஃபோட்டோவோடு. பூட்டிய அலமாரியை உடைக்க வேண்டாம். உடைத்தால் உள்ளே இருந்த, இல்லாத எல்லா நகைக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். பட்டியலோடு, இன்ன தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வர மனமில்லாவிட்டால் ஆள் அனுப்புங்கள், அல்லது சொல்கிற இடத்தில் இறக்குகிறோம் என்று ஒரு கடிதம், ஒப்புகையோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கடிதமும் இருக்கட்டும், ஏனென்றால் ஃபோன் மாறும், நம்பரை பிளாக் செய்வார்கள். பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். வழக்கு நடப்பில் இருந்தால் மனு போட்டு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பிப் பட்டியல் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

நோட்டீஸுக்கும் அசையாவிட்டால்? கிழிந்த பாய், பழைய செருப்பு, காலாவதியான பவுடர் டப்பா ஆகியவற்றுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஃபோட்டோ எடுத்துவிட்டு ஒதுக்கலாம். மதிப்புள்ள எதையும் கோர்ட்டைக் கேட்காமல் விற்காதீர்கள் என்பதே என் கருத்து. நகை என்றால் விற்பது என்ற எண்ணமே வேண்டாம். கோபத்தில் சேலைகளை முற்றத்தில் போட்டு எரித்தவர்களையும், புது மருமகளுக்குப் பழைய மருமகளின் கிரைண்டரைக் கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். இரண்டாமவர்கள்தான் அதிகம் பேச்சு வாங்கினார்கள், புது மருமகளிடமே.

சில பொருள்கள் தனி ரகம். அவன் பேரில் ஆர்.சி. உள்ள பைக் அவள் வீட்டு முற்றத்தில் நின்றால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. அவன் கையெழுத்திட்ட 29, 30-ஆம் படிவங்கள் இல்லாமல் பேர் மாற்ற முடியாது. அவனுக்கும் அதை விட்டுவைப்பது ஆபத்து: விபத்து நடந்தால் பதிவில் பேருள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. டி.என். 74, 75 என்று நம்பர் போட்டு மூலையில் துருப்பிடித்து நிற்கும் பைக்குகளில் இப்படி எத்தனையோ. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த நம் ஊரில் பெரிய ஆயுதம். ஆனால் பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து, கணவனோ மனைவியோ பிடித்து வைக்க அதிகாரம் இல்லை. பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் மறுநாளே திரும்பிப் போக வேண்டியவை, அதில் பேரம் கேவலம். பழைய ஃபோன் கிடந்தால் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் அந்தரங்கப் படம் ஒன்று வெளியே போனால் வழக்கின் முகமே மாறிவிடும்.

ஆண் விட்டுப்போனதும் உண்டு. பெண்ணுக்குக் கொடுத்த மனையில் வீடு கட்டிக் குடியிருந்த மாப்பிள்ளை பிரிந்து போகும்போது ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினையோ, கடற்கரைப் பக்கம் என்றால் வலையையோ இன்ஜினையோ விட்டுப் போவான். சம்பாத்தியத்துக்கான பொருள் அது. ஜீவனாம்சம் தரவில்லை என்று அவள் அதை விற்றுவிடுவது புரிந்துகொள்ளக் கூடிய கோபம்தான், ஆனால் சட்டம் அதையும் முறைகேடான கையாடல் என்று பார்க்கலாம். பாக்கியை வசூலிக்க, கோர்ட் உத்தரவை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு என்று ஒன்று இருக்கிறது.

பிறகு, கேட்கும் உரிமை யாருக்கு என்பது. பெரும்பாலும் சண்டைக்கு வருவது அப்பாவும் அண்ணன்மாரும்தான். வெளிநாட்டில் விவாகரத்து முடிந்து பல வருடம் கழித்து, மகளுக்குக் கொடுத்ததைத் திருப்பித் தரவில்லை என்று தகப்பன் கொடுத்த புகாரை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கொடுத்தவர் அவர்தான், ஆனால் கொடுத்த பிறகு அது மகளுடையது. அவள் அதிகாரம் தராமல் அவர் கேட்க முடியாது. அந்த விவாகரத்தில் இருவரும் எல்லாவற்றையும் பேசி முடித்து ஒப்பந்தம் எழுதியிருந்ததும் கவனிக்க வேண்டியது.

மனமொத்துப் பிரிகிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். கூட்டு மனுவில் 'இனி ஒருவர் மீது ஒருவர் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி எழுதப்படும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாதம் அலமாரியைக் கேட்டால் வழக்கு மெலிந்துவிடும். அந்த வரிக்கு மேலேயே சாமான் பட்டியலும், எடுக்கும் தேதியும், டெம்போ வாடகை யாருடையது என்பதும் இருக்க வேண்டும். வாடகையைக்கூடவா என்று கேட்கலாம். இரண்டு குடும்பம் 1,800 ரூபாய் வாடகையில் முட்டிக்கொண்டு ஒரு வருடம் தள்ளியதை நான் பார்த்தேன். நகையை எடை போட்டு, சாமானை எண்ணி, ஒப்படைத்ததற்கு இருவரும் கையெழுத்துப் போட்ட ரசீது ஒன்று. அவ்வளவுதான்.

எங்கள் பெரியம்மை வீட்டு விஷயத்தில் கடைசியில் நடந்ததும் அதுதான். அந்தப் பெண்ணின் தாய்மாமனும் எங்கள் சித்தப்பாவும் முன்பு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார்கள். 27 பொருள். வாடகை ஆளுக்குப் பாதி. ஒரு சனிக்கிழமை டெம்போ வந்தது. அந்தப் பெண் வரவில்லை, அண்ணனும் வீட்டில் இல்லை. பெரியம்மை உருளி இரண்டையும் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக ஏற்றி, டிக் அடித்து, ரசீதில் கையெழுத்து வாங்கியபோது 27-ம் சரியாக இருந்தது. மூலையில் ஓர் அரிவாள்மணை மட்டும் பாக்கி. பட்டியலில் அது இல்லை. எங்களுடையது இல்லையே என்றார் பெரியம்மை. எங்களுடையதும் இல்லை என்றார் தாய்மாமன். டெம்போ போய்விட்டது. அதில்தான் இப்போது அந்த வீட்டில் மீன் நறுக்குகிறார்கள்.